சமையலறை, தெரு, வாடகை வீடு: கறுப்பினப் பெண்களின் அன்றாடத்தை எழுதிய மூன்று அமெரிக்க நூல்கள்

முன்னுரை

கறுப்பினப் பெண்களின் எழுத்தைப் பற்றித் தமிழ்க் கருத்தரங்குகளில் பேசப்படும்போது ஒரு வாய்பாடு அடிக்கடி இடம்பெறுகின்றது. இனத்தால் ஓர் ஒடுக்குமுறை, வர்க்கத்தால் ஓர் ஒடுக்குமுறை, பால்நிலையால் ஓர் ஒடுக்குமுறை. ஆகவே கறுப்பினப் பெண் மும்மடங்கு ஒடுக்கப்பட்டவள் என்பது அவ்வாய்பாடு. இது பொய்யன்று. ஆயினும் இதைச் சொல்லி முடித்தபின் நூலைத் திறந்து வாசிக்கவேண்டிய தேவையே இல்லாமற் போய்விடுகின்றது. விடை முன்னரே தெரிந்துவிடுவதால் நாவலும் கவிதையும் அவ்விடைக்குச் சான்று கூறும் சாட்சிகளாகக் குறுகிவிடுகின்றன.

இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்படும் சுமைகள் அல்ல. ஒன்றை மற்றொன்று இயக்கும் விசைகள் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அவ்வியக்கம் பெரும் வரலாற்று நிகழ்வுகளில் வெளிப்படுவதைக் காட்டிலும், உருளைக்கிழங்கு சீவுதல், வாடகை செலுத்துதல், தலைமுடி அலங்கரித்தல், கைப்பையை எடுத்து வைத்தல் போன்ற அன்றாடச் செயல்களில் தெளிவாக வெளிப்படுகின்றது. இதனை நிறுவுவதற்கு ஆன் பெட்ரியின் 'தி ஸ்ட்ரீட்' (1946), குவென்டலின் புரூக்ஸின் 'மோட் மார்த்தா' (1953), அலிஸ் சில்ட்ரெஸின் 'லைக் ஒன் ஒஃப் த ஃபமிலி' (1956) ஆகிய மூன்று நூல்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மூன்றும் ஒரு பத்தாண்டுக் காலத்துள் வெளிவந்தவை. மூன்றிலும் கறுப்பினப் பெண் வெள்ளையினத்தார் வீட்டில் வேலைக்குச் செல்கிறாள். மூன்றும் அந்த வேலையை வெவ்வேறு இலக்கிய வடிவத்தில் எழுதுகின்றன. ஒப்புநோக்குக்கு இதனினும் வாய்ப்பான தொகுதி அரிது.

வரலாற்றுப் பின்னணி

1940ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவில் வேலைசெய்த கறுப்பினப் பெண்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வீட்டுப் பணியாளராக இருந்தனர். இத்தொழிலைச் சட்டம் எவ்வாறு நடத்தியது என்பது கருதத்தக்கது. 1935இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதுமைக்கால ஓய்வூதியத்தை அறிமுகப்படுத்தியது. ஆனால் பண்ணைத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் அதற்குள் அடங்கவில்லை. குறைந்தபட்சக் கூலியை வரையறுத்த 1938ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டுப் பணியாளருக்குக் கிட்டவில்லை. அக்கூலிப் பாதுகாப்பு அவர்களுக்கு 1974ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே கிடைத்தது. இச்சட்டங்களில் 'கறுப்பினப் பெண்' என்ற சொல் எங்கும் இல்லை. தொழிலின் பெயரே போதுமானதாக இருந்தது. இனமும் பாலும் தொழிலாக உருமாறி நிற்கும்போது அவற்றைப் பெயரிட்டு ஒதுக்கவேண்டிய அவசியம் சட்டத்துக்கு எழுவதில்லை.

இதே 1935இல் எல்லா பேக்கர், மார்வெல் குக் என்னும் இருவர் 'தி கிரைசிஸ்' இதழில் எழுதிய கட்டுரை, நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதித் தெருமுனைகளில் வேலைக்காகக் காத்துநின்ற கறுப்பினப் பெண்களை விவரித்தது. வேலை உடுப்பைக் காகிதப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு அவர்கள் நிற்பர். வெள்ளையின இல்லத்தரசியர் வந்து பேரம் பேசி, மணித்தியாலத்துக்கு 15 முதல் 30 சதம் வரை கொடுத்து அழைத்துச் செல்வர். கட்டுரையாசிரியர் அவ்விடத்தை அடிமைச் சந்தை என்றே பெயரிட்டனர். இங்கே பேரம் பேசுபவளும் பெண். அவளும் பெரும்பாலும் செல்வந்தர் அல்லாத, பொருளாதார மந்தத்தில் அடிபட்ட குடும்பத்தவள். அவள் தன் வீட்டு வேலையிலிருந்து சில மணித்தியாலம் விடுதலை பெறுவதற்கு மற்றொரு பெண்ணின் உழைப்பு இத்துணை மலிவாகக் கிடைப்பது இனப் பாகுபாட்டினால்தான். 'பெண்கள்' என்ற ஒற்றைச் சொல்லால் இத்தெருமுனையை விளக்க இயலாது.

'தி ஸ்ட்ரீட்': ஒரு சங்கிலியின் அமைப்பு

ஆன் பெட்ரி கனெக்டிகட் மாநிலத்தின் ஓல்ட் சேபுரூக் என்னும் சிற்றூரில் மருந்துக்கடை நடத்திய குடும்பத்தில் 1908இல் பிறந்தவர். ஹார்லெமில் செய்தியாளராகப் பணிபுரிந்த காலத்தில் அவர் கண்டவை இந்நாவலுக்கு அடிப்படையாயின. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையான இந்நாவலின் தலைவி லூட்டி ஜோன்சன். எட்டு வயது மகன் பப்புடன் 116ஆம் தெருவில் ஒரு குறுகிய வீட்டை வாடகைக்கு எடுக்கிறாள்.

லூட்டியின் கடந்தகாலத்தைப் பெட்ரி அமைத்துள்ள முறையே இங்கு நுணுகி நோக்கத்தக்கது. அவள் கணவனுக்கு வேலை கிடைக்கவில்லை. கறுப்பின ஆணுக்கு வேலை மறுக்கப்படுவதே காரணம். கறுப்பினப் பெண்ணுக்கோ ஒரு வேலை எப்போதும் திறந்திருக்கின்றது. அது பிறர் வீட்டுச் சமையலறை. வீட்டுக்கடன் கட்ட வேண்டியிருப்பதால் அவள் கனெக்டிகட்டில் சாண்ட்லர் குடும்பத்தாரின் வீட்டிலேயே தங்கி வேலைசெய்கிறாள். அவர்களுடைய மகனை வளர்க்கும் கூலியால் தன் மகனுக்கு உணவளிக்கிறாள். ஆனால் தன் மகனுடன் இருக்க இயலவில்லை. கணவன் வேறொருத்தியுடன் வாழத் தொடங்குகிறான். மணவாழ்வு முறிகின்றது. ஆணுக்கு வேலை மறுத்த இனப் பாகுபாடு பெண்ணை வேலைக்கு அனுப்புகின்றது. வேலையின் வர்க்கத் தன்மை அவளை வீட்டிலிருந்து அகற்றுகின்றது. அந்த அகற்சி கணவன் மனைவி உறவைச் சிதைக்கின்றது. தனித்தாய் என்ற நிலை அவளை மீண்டும் வறிய தெருவுக்குத் தள்ளுகின்றது. எந்தக் கண்ணி இனம், எந்தக் கண்ணி வர்க்கம் என்று பிரித்தெடுக்க முயல்வோர் சங்கிலியையே இழந்துவிடுவர்.

சாண்ட்லர் வீட்டில் இன்னொன்றும் நிகழ்கின்றது. விருந்துக்கு வரும் பெண்கள், இளமையும் அழகும் உள்ள கறுப்பினப் பெண்ணை வீட்டில் வைத்திருப்பது கணவன்மாருக்கு ஆபத்து என்று அவள் காதில் விழவே பேசுகின்றனர். அவளது ஒழுக்கம் அவளைக் காணுமுன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. ஹார்லெமிலும் இதே பார்வை வேறு உருவங்களில் தொடர்கின்றது. கட்டடக் காவலன் ஜோன்ஸ் அவளை வலிந்து அடைய முயல்கிறான். மிஸிஸ் ஹெட்ஜஸ் தன் விபசார விடுதிக்கு அவளை இழுக்கப் பார்க்கிறாள். பாடகியாகிப் பணம் ஈட்டலாம் என்ற அவளது நம்பிக்கையை, அவளைத் தனக்காக விரும்பும் வெள்ளையின முதலாளி ஜுண்டோ முடக்குகிறான். ஜோன்ஸும் மிஸிஸ் ஹெட்ஜஸும் கறுப்பினத்தவர் என்பதை நாவல் மறைக்கவில்லை. இனத்துக்குள்ளேயே பால்நிலை இயங்கும் விதத்தை 1946லேயே பெட்ரி துணிந்து எழுதினார்.

லூட்டி பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் வாழ்வைத் தன் முன்மாதிரியாகக் கொள்கிறாள்: உழைத்துச் சிக்கனமாக வாழ்ந்தால் உயரலாம் என்பது அவளது நம்பிக்கை. ஃபிராங்க்ளின் தாம் நிறுவிய கழகத்துக்கு வைத்த பெயரும் ஜுண்டோவே. அவள் போற்றும் முன்மாதிரியின் பெயரையே அவளைச் சிறைப்படுத்துபவனுக்குப் பெட்ரி இட்டிருப்பது தற்செயலானதன்று.

ஆயினும் இந்நாவலுக்கு ஒரு குறையுண்டு. லூட்டிக்கு ஒரு தோழி இல்லை, அயலவர் கூட்டம் இல்லை, தேவாலயம் இல்லை. மகன் பிடிபட்டபோது, சிறுவர் நீதிமன்றத்துக்கு வழக்கறிஞர் தேவையில்லை என்று சொல்லக்கூட அவளுக்கு ஒருவரும் இல்லை. அந்த வழக்கறிஞருக்கான 200 டொலரைத் தேடியே அவள் கொலையில் முடிகிறாள். ஒடுக்குமுறையின் இறுக்கத்தைக் காட்டும் பொருட்டுப் பெட்ரி தன் பாத்திரத்தைத் தனிமைப்படுத்தினார் எனலாம். அதற்குக் கொடுத்த விலை, ஹார்லெமின் பெண்கள் ஒருவரையொருவர் தாங்கி வாழ்ந்த வாழ்வு நாவலின் கண்ணுக்குப் புலப்படாமற் போனமையாகும்.

'மோட் மார்த்தா': சிறியவற்றின் எடை

1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதலாவது கறுப்பின எழுத்தாளர் குவென்டலின் புரூக்ஸ். அவரது ஒரே நாவலாகிய 'மோட் மார்த்தா' 34 சிறு அத்தியாயங்களால் ஆனது. கொலை இல்லை, தீப்பற்றி எரியும் தெரு இல்லை. சிகாகோவின் தென்பகுதியில் வளர்ந்து, மணந்து, பிள்ளை பெறும் ஒரு கருநிறப் பெண்ணின் நாள்கள் மட்டுமே உள்ளன. இக்காரணத்தாலேயே அக்கால விமர்சனம் இந்நூலை இலேசானதொரு படைப்பாகக் கருதி விரைந்து கடந்தது. மேரி ஹெலன் வாஷிங்டன் போன்ற திறனாய்வாளர் பின்னாளில் இதனுள் அடங்கிக் கிடக்கும் சினத்தை வெளிக்கொணர்ந்தனர்.

நிறத்தின் படிநிலை கறுப்பினத்தாரின் வீட்டுக்குள்ளும் நுழைவதை இந்நாவல் காட்டுகின்றது. அக்காள் ஹெலன் அழகியாகக் கருதப்படுகிறாள். கணவன் போல் வெளிர்நிறத்தவன். தன் கருநிறத்தை அவன் எவ்வாறு பார்க்கிறான் என்பதை மோட் மார்த்தா சொல்லின்றி உணர்கிறாள். அவர்கள் வாழ்வது 'கிச்சனெட்' எனப்படும் குடியிருப்பில். பெரிய வீடுகளைத் தட்டிகளால் பல கூறாக்கி, கழிவறையைப் பலர் பகிரும்படி விட்டு, அதிக வாடகை பெறும் முறை அது. கறுப்பினத்தாருக்கு வீடு விற்பதில்லை என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என 1948இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை, அவர்கள் நகரின் குறித்த பகுதிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தமைக்கு அவ்வொப்பந்தங்கள் பெருங்காரணமாயின. தட்டிச் சுவருக்கு அப்பால் யார் இருமுகிறார் என்று தெரியும் வீட்டில் ஒரு பெண் தன் இல்லறத்தை அழகாக நடத்த முனைவதே நாவலின் கதை.

மிஸிஸ் பர்ன்ஸ் கூப்பர் வீட்டில் அவள் ஒருநாள் வேலைசெய்யும் அத்தியாயம் இந்நூலின் உச்சம் என்பது என் கருத்து. வீட்டுக்காரி தன் செல்வவாழ்வைப் பற்றி அன்புடன் உரையாடுகிறாள். பின்வாசலால் வரும்படி சொல்கிறாள். மாமியாரும் அவளுமாகச் சேர்ந்து உருளைக்கிழங்குத் தோல் தடிப்பாகச் சீவப்பட்டது என்று குறைகூறுகின்றனர். மோட் மார்த்தா வாதிடவில்லை. இனி இங்கு வருவதில்லை என்று தனக்குள் முடிவுசெய்கிறாள். அதனுடன், தன் கணவன் நாள்தோறும் மேலாளிடம் எதை அனுபவிக்கிறான் என்பதையும் அப்போதுதான் விளங்கிக்கொள்கிறாள். வீட்டில் தன்னைத் தாழ்த்தும் கணவனும் வெளியே தாழ்த்தப்படுகிறான் என்ற அறிவு அவளை அவன்பால் இளகச் செய்கின்றது. ஆனால் அவன் பார்வையை அது மாற்றுவதில்லை. இந்த இரட்டை நிலையை 'மும்மடங்கு' என்ற எண் சுட்டவியலாது.

முடி அலங்கார நிலையத்துக் காட்சியும் இவ்வாறானதே. உதட்டுச்சாயம் விற்க வந்த வெள்ளையினப் பெண், தன் கடின உழைப்பைச் சொல்லும்போது கறுப்பினத்தாரை இழிக்கும் சொல்லைப் பேச்சுவாக்கில் பயன்படுத்துகிறாள். நிலையத்தின் உரிமையாளரான கறுப்பினப் பெண் எதுவும் சொல்வதில்லை. தான் பிழையாகக் கேட்டிருக்கலாம் என்று மோட் மார்த்தா தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். பின்னர் உரிமையாளரே அச்சொல்லைக் கேட்டதை ஒப்புக்கொண்டு தன் மௌனத்துக்கு நியாயம் கூறுகிறாள். கறுப்பினப் பெண்கள் தங்களுக்கெனப் படைத்துக்கொண்ட இடத்தினுள்ளும் வியாபாரத்தின் தேவை மௌனமாக நுழைந்துவிடுகின்றது. விற்க வந்தவளும் நாளெல்லாம் அலைந்து சில சதங்களுக்கு உழைப்பவளே. எனினும் தன் களைப்பைச் சொல்ல அவளுக்கு வேறொரு மக்களின் இழிவு உவமையாகத் தேவைப்படுகின்றது.

மில்ட்ரெட்டின் குரல்

அலிஸ் சில்ட்ரெஸ் தாமே வீட்டுப் பணியாளராக வேலைசெய்தவர். பால் ரோப்சன் நிறுவிய 'ஃப்ரீடம்' என்னும் ஹார்லெம் பத்திரிகையில் அவர் எழுதிய பத்திகளே 1956இல் நூலாயின. 62 உரையாடல்கள், ஆனால் பேசுபவள் மில்ட்ரெட் ஒருத்தியே. அவளைப் போலவே வீட்டுவேலை செய்யும் தோழி மார்ஜ் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மார்ஜின் சொற்கள் நமக்குக் கிடைப்பதில்லை. அந்த வெற்றிடத்தில் பத்திரிகை வாசகர் அமர்கின்றனர்.

நூலின் தலைப்பான 'குடும்பத்தில் ஒருத்தி போல' என்பது வீட்டுக்காரி தன் விருந்தாளியிடம் மில்ட்ரெட்டைப் பற்றிச் சொல்லும் பாராட்டு. மில்ட்ரெட் அதை மறுக்கிறாள். குடும்பத்தார் உண்பது எங்கே, தான் உண்பது எங்கே, அவ்வீட்டு நாய்க்குட்டி உறங்குவது எங்கே என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கூறி, உறவுச் சொல்லை ஊதியக் கணக்காக மாற்றிவிடுகிறாள். கைப்பை பற்றிய உரையாடலில், தன்னைக் கண்டதும் கைப்பையை இறுகப் பற்றும் வீட்டுக்காரியின் முன், மில்ட்ரெட் ஓடிவந்து தன் பையைத் தானே பற்றிக்கொள்கிறாள். அவமானத்தைக் கண்ணாடியில் திருப்பிக் காட்டிய பின்னர், இத்துணைக் குறைந்த கூலி கொடுப்பவர் அஞ்சத்தான் வேண்டும் என்னும் பொருள்படப் பேசி முடிக்கிறாள்.

இவ்வாறு பேசிய பணிப்பெண்ணுக்கு வேலை நிலைக்குமா என்ற ஐயம் எழுவது இயல்பு. இந்த ஐயத்துக்கு நூலின் வடிவமே விடை தருகின்றது. மில்ட்ரெட் வீட்டுக்காரியிடம் உண்மையில் என்ன சொன்னாள் என்பதற்கு நமக்குச் சான்று இல்லை. வேலை முடிந்த மாலையில் தோழியின் வீட்டில் அவள் அதை எவ்வாறு சொன்னாள் என்பதே உள்ளது. பகலில் அடக்கிய சொல் மாலையில் முழுமை பெறுவதும் ஒருவகை வாழ்தலே. லூட்டிக்கு இல்லாதது இந்தத் தோழமைதான். மோட் மார்த்தா தனக்குள் முடிக்கும் வாக்கியத்தை மில்ட்ரெட் வாய்விட்டு முடிக்கிறாள்.

இது வெறுங்கற்பனையும் அன்று. 1881இல் அட்லாண்டா நகரின் சலவைப் பெண்கள் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் நீடித்த மொன்ட்கொமரி பேருந்துப் புறக்கணிப்பில், நாள்தோறும் வேலைவீடுகளுக்கு நடந்து சென்றவருள் பெருந்தொகையினர் வீட்டுப் பணிப்பெண்களே. சில்ட்ரெஸின் நூல் வெளிவந்த ஆண்டு அப்போராட்டத்தின் நடுப்பகுதியாகும். 1968இல் டொரத்தி போல்டன் அட்லாண்டாவில் வீட்டுப் பணியாளர் சங்கத்தை நிறுவியபோது, உறுப்பினராக வருவோர் வாக்காளராகப் பதிவுசெய்ய வேண்டும் என்று வலியுறுத்தினார்.

கோட்பாட்டுக்கு முந்திய இலக்கியம்

டிரினிடாட்டில் பிறந்த குளோடியா ஜோன்ஸ் 1949இல் எழுதிய கட்டுரையில் கறுப்பினப் பெண்களின் பிரச்சினைகளை இடதுசாரி இயக்கம் புறக்கணிப்பதைக் கண்டித்தபோது, வீட்டுப் பணியாளரையே முன்னிறுத்தினார். 1977இல் கொம்பாஹீ ஆற்றுக் குழுவினர் ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை அறிக்கையாக வெளியிட்டனர். 1989இல் கிம்பர்லே கிரென்ஷா இதற்குச் சட்டவியல் சார்ந்த ஒரு பெயரைத் தந்தார். அவர் எடுத்தாண்ட வழக்குகளுள் ஒன்று ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்கு எதிராகக் கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்தது. 1964க்கு முன் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை; பின்னர் ஆட்குறைப்புச் செய்தபோது பணிமூப்புக் குறைந்தோரை நீக்கியது. பெண்கள் வேலையில் இருந்துள்ளனர், ஆகவே பாற்பாகுபாடு இல்லை என நீதிமன்றம் 1976இல் கருதியது. இனப் பாகுபாட்டையும் பாற்பாகுபாட்டையும் இணைத்துப் புதியதொரு உரிமைக்கோரிக்கையாக்க அது இடந்தரவில்லை. முன்னர் எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையினத்தவர் என்பது அந்நியாயத்தில் மறைந்துபோயிற்று.

இக்கோட்பாட்டைத் தமிழில் 'குறுக்குவெட்டு' என வழங்குகின்றோம். ஒரு பொருளை அறுத்துக் காட்டும் படத்துக்கும் நம்மிடம் இதே சொல்லே உண்டு; அதனால் அசைவற்ற ஒரு தோற்றம் மனத்தில் எழுகின்றது. கிரென்ஷா பயன்படுத்திய உருவகமோ வாகனங்கள் பல திசைகளிலிருந்தும் வரும் தெருச்சந்தி. மோதல் நிகழும் இடம் அது. 'சந்தி' என்ற பழகிய சொல் இக்கருத்துக்குக் கூடுதலாகப் பொருந்தும். எச்சொல்லைக் கொண்டாலும், கோட்பாடு பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னரே இந்நூல்கள் அச்சந்தியில் நின்று எழுதப்பட்டவை என்பதை மறத்தலாகாது. பார்பரா கிறிஸ்டியன் 1987இல் கோட்பாட்டுக்கான ஓட்டப்பந்தயத்தைக் கண்டித்தமையின் நியாயம் இதுவே.

தமிழ் வாசிப்புக்கு ஓர் எச்சரிக்கை

கறுப்பினப் போராட்டத்துக்கும் தலித் எழுச்சிக்கும் உள்ள தொடர்பு வரலாற்று உண்மை. 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பாந்தர் இயக்கம் தன் பெயரையே கரும்பாந்தர்களிடமிருந்து பெற்றது. இத்தொடர்பு காரணமாக இனத்தையும் சாதியையும் ஒன்றெனக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. சமையலறை அதற்கு இடந்தருவதில்லை. அமெரிக்க இனவொழுங்கு கறுப்பினப் பெண்ணைச் சமையலறைக்குள் அழைத்து, சமைக்கவும் பிள்ளையைத் தூக்கி வளர்க்கவும் செய்து, உணவு மேசையிலிருந்து மட்டும் விலக்கியது. பாமாவின் 'கருக்கு' (1992) காட்டும் சாதியொழுங்கில், நாயக்கர் வீட்டில் உழைக்கும் பாட்டி சமையலறையை நெருங்கவே இயலாது. மிச்சச் சோறும் தொடாமல் தூரத்திலிருந்தே அவள் பாத்திரத்தில் விழுகின்றது. ஓரிடத்தில் நெருக்கத்தின் வழியாகவும் மற்றோரிடத்தில் தீண்டாமையின் வழியாகவும் இழிவு இயங்குகின்றது. 'குடும்பத்தில் ஒருத்தி போல' என்ற போலிப் பாராட்டு முதலாவது ஒழுங்கில்தான் பிறக்க முடியும். ஒப்பிடுதலின் பயன், இரண்டும் ஒன்றே என்று ஆறுதல் கொள்வதில் இல்லை. இரண்டும் எவ்விடத்தில் வேறுபடுகின்றன என்று காண்பதிலேயே உள்ளது.

முடிவுரை

மூன்று நூல்களும் ஒரே வேலையை மூன்று வகையாக எழுதுகின்றன. பெட்ரி அதன் காரணகாரியச் சங்கிலியைக் காட்டுகிறார். புரூக்ஸ் அதன் உள்மனத் தழும்பைக் காட்டுகிறார். சில்ட்ரெஸ் அதற்கு எதிரான பேச்சைக் காட்டுகிறார். இவற்றுள் ஒன்றை மட்டும் வாசிப்போர் கறுப்பினப் பெண்ணை முழுமையான பலியாகவோ, மௌனமானவளாகவோ, அஞ்சாத வீராங்கனையாகவோ கண்டு அமைந்துவிடக்கூடும். மூன்றையும் சேர்த்து வாசிக்கும்போது, ஒரே பெண் ஒரே நாளில் இம்மூன்றாகவும் இருந்திருக்கக்கூடும் என்பது புலனாகின்றது.

தமிழில் இம்மூன்று நூல்களையும் முழுமையாக மொழிபெயர்த்து ஒருங்கே வைத்துக் கற்பிப்பது நம் பல்கலைக்கழகத் துறைகளின் கடமையாகும். கோட்பாட்டுச் சுருக்கங்களை மட்டும் கற்ற மாணவருக்கு மும்மடங்கு என்ற எண் எஞ்சும். மோட் மார்த்தா சீவிய உருளைக்கிழங்கின் தோல் எவ்வளவு தடிப்பு என்று ஏன் இரு பெண்கள் நின்று அளந்தனர் என்ற வினாவுடன் தொடங்கும் மாணவரோ, தாம் வாழும் ஊரின் சமையலறைகளையும் அதே கூர்மையுடன் நோக்கக் கற்றுக்கொள்வர்.